ஜப்பானில் அம்மா குளித்த மாலை

அம்மா கைலியை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு வெந்நீர்க் குளத்தில் இறங்கப் போனார்.

விடுதிக்காரப் பெண்மணி பதறி ஓடி வந்து இரண்டு கைகளையும் குறுக்கே வைத்துக் காட்டினாள். துணியோடு இறங்கக் கூடாதாம். இந்த ஊர் வழக்கம் அது.

எங்கள் ஊர் கிள்ளானில், வீட்டு பாத்ரூமில் தாழ்ப்பாள் போட்ட பிறகும் கைலியோடு குளிக்கிறவர் அம்மா. வேறு நாளாக இருந்தால் உடனே அப்பாவுக்கு ஃபோன் போட்டுச் சொல்லிச் சிரித்திருப்பேன்.

அப்பா இன்று காலையில் போய்விட்டார்.

தம்பி தனேஷ் கூப்பிட்டபோது நாங்கள் ரயிலில் இருந்தோம். மலை முழுக்க இலைகள் சிவந்து கிடந்தன. அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நான் எழுந்து போய் இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் நின்று பேசினேன்.

பாசாரில் மீன் வாங்கிக்கொண்டு இருந்தவர் அப்படியே சரிந்தாராம். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

"அம்மாகிட்ட இப்ப சொல்லிடாதக்கா. பிரஷர் ஏறி விழுந்துட்டா அங்க நீ தனியா என்ன பண்ணுவே?" என்று அழுதான்.

விமானத்தில் நாளைக்குத்தான் இடம் கிடைத்தது. இன்று ஒரு ராத்திரியை எப்படியாவது ஓட்டிவிட வேண்டும். வீட்டுக்குப் போய்விட்டால் பிடித்துக்கொள்ளச் சித்திகள் இருக்கிறார்கள். இங்கே பாஷை தெரியாத ஊரில் என்னை விட்டால் அம்மாவுக்கு யார்?

கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, "ஆஃபிஸ்ல அவசரம்மா, நாளைக்கே திரும்பணும்" என்று புளுகினேன். பிரிக்ஃபீல்ட்ஸில் என் ஆஃபிஸ் இருக்கிற லட்சணத்துக்கு அவசரம் ஒன்றுதான் குறைச்சல். ஒன்றுக்கு ஒன்பது கேள்வி கேட்கிற அம்மா, சரி என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தப்பித்தேன் என்று நினைத்தேன்.

இலை சிவக்கிற காலத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் ரொம்ப நாள் ஆசை. ரயில் ரயிலாக மாறி, ஊருக்கு ஒரு பழைய விடுதியில் தங்கி, தரையில் மெத்தை விரித்துப் படுத்து, மெதுவாகப் போகலாம் என்று நான்தான் கூட்டி வந்தேன். கூப்பிட்டதற்கு, "அங்க சாம்பார் கிடைக்குமா லா?" என்று கேட்டே தட்டிக்கழித்தார் அப்பா.

அம்மா கைலியை அவிழ்த்தார். சண்டை பிடிப்பார் என்று நினைத்தேன், பிடிக்கவில்லை. மடித்துக் கூடையில் வைத்தார்.

விடுதிக்காரப் பெண்மணி இப்போது தன் கழுத்தைத் தொட்டுக் காட்டி, சுவரில் இருந்த படத்தைச் சுட்டினாள். கந்தகத் தண்ணீர். நகை கருத்துவிடும்.

"நோ, நோ, கேன்னாட்" என்று நான் குறுக்கே புகுந்தேன். பித்தப்பை ஆபரேஷனுக்குக்கூட நர்சோடு மல்லுக்கட்டி, தாலியைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டிக்கொண்டு உள்ளே போனவர் இவர்.

அதற்குள் அம்மா பின்கழுத்தில் கைவைத்துக் கொக்கியைக் கழற்றிவிட்டார்.

உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கைலி மடிப்புக்குள் வைத்துவிட்டுப் போய்த் தண்ணீரில் கழுத்தளவு உட்கார்ந்தார்.

எதுவும் தெரியாமல், இன்றைக்குப் பார்த்தா கழற்ற வேண்டும்? முகம் கழுவுகிற சாக்கில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

பாவி மனுஷன், கூடவே வந்திருக்கலாம். மீனா முக்கியம்?

ஆவியில் அம்மாவின் முகம் தெரியவில்லை. மரத்திலிருந்து இலைகள் தண்ணீரில் விழுந்துகொண்டே இருந்தன. அவர் ஒவ்வொன்றாகக் கையால் ஒதுக்கிக்கொண்டு இருந்தார்.

வெளியே வந்ததும் துடைத்துக்கொண்டு கைலியைக் கட்டினார். சங்கிலியை என் கையில் கொடுத்து, ஈரக் கூந்தலை ஒதுக்கி, முதுகைக் காட்டி நின்றார்.

"மாட்டி விடு தாமரை."

என்னால் முடியவில்லை. அப்பா அங்கே ஐஸ் பெட்டிக்குள் இருக்கிறார், நான் இங்கே அம்மாவுக்குத் தாலி மாட்டுகிறேன். கொக்கி திரும்பத் திரும்ப நழுவியது.

"மெதுவா மாட்டு, அவசரமில்ல" என்றார் அம்மா. திரும்பிப் பார்க்கவில்லை.

"நாளைக்கு எல்லாரும் சுத்தி நின்னு கழட்டுவாங்க. அதுக்கு முன்னாடி நானே ஒரு தடவ கழட்டிப் பார்த்துக்கிட்டேன்."