பத்து வாரம் முந்திப் பிறந்த தாமஸ்

இரண்டு நகல் தாள்களையும் மாமியாரின் தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன். அடக்கமாகத்தான் வைத்தேன். உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன்.

துர்லோ குடும்பம் ஒரே ஊரில் முந்நூறு வருடமாக உழுகிறது என்று காட்டினால், விவசாயக் கண்காட்சியில் ஒரு பித்தளைத் தகடு தருவார்கள். அதைப் பன்றிக்கொட்டில் வாசலில் மாட்ட வேண்டும் என்று என் கணவர் டெரெக்குக்கு ஆசை. பன்றிகளை விட்டு நகர அவரால் முடியாது. அதனால் ஆவணக் காப்பகத்தில் போய் உட்கார்ந்து பழைய தேவாலயப் பதிவேடுகளைப் புரட்டியது நான்.

நான்கு செவ்வாய்க்கிழமைகள். மையில் கால் நனைத்த கோழி நடந்துபோனதுபோல் கையெழுத்து. ஆண்களுக்கெல்லாம் ஜான் அல்லது தாமஸ் என்று பெயர். அதற்குமேல் யோசிக்க யாருக்கும் நேரமில்லை போலும். பிறந்தார்கள், பார்லி விதைத்தார்கள், புதைக்கப்பட்டார்கள்.

ஆனால் நான் தேடியது தகட்டுக்காக அல்ல.

என் மகள் டாம்சின், எங்கள் கல்யாணம் முடிந்த ஏழாம் மாதம் பிறந்தவள். அவளுடைய ஒவ்வொரு பிறந்தநாளிலும் என் மாமியார் மியூரியல் கேக்கை வெட்டிக்கொண்டே, ஜன்னலிடம் சொல்வதுபோலச் சொல்வார்: “ஏழே மாசத்துல எட்டு பவுண்டு எடை! எங்க கோதுமைகூட அவ்வளவு சீக்கிரம் விளையாது.”

இருபத்திரண்டு கேக்குகள். இருபத்திரண்டு முறையும் நான் சிரித்திருக்கிறேன். அந்தச் சிரிப்புக்காகத்தான் என்னை நான் அதிகம் வெறுத்தேன்.

அடுத்த மாதம் டாம்சினுக்குக் கல்யாணம். இப்போது அவள் மூன்று மாத கர்ப்பம். எனக்கு மட்டும்தான் சொல்லியிருக்கிறாள். அந்தக் கத்தி அவள் பக்கம் திரும்புவதற்குள் மியூரியலின் வாயை அடைத்தாக வேண்டும். அதற்கு எனக்கு ஒழுக்கம் கெட்ட துர்லோ ஒருவர் தேவைப்பட்டார். ஒருவர் போதும்.

கிடைத்துவிட்டார்கள். ஜான் துர்லோவுக்கும் சூசனுக்கும் திருமணம், 1724 ஏப்ரல் 14. அவர்கள் மகன் தாமஸுக்கு ஞானஸ்நானம், 1724 பிப்ரவரி 3.

பத்து வாரம் முந்தி!

முன்பின் தெரியாத ஒருத்தியின் மானம் போனதற்கு இவ்வளவு சந்தோஷப்படக்கூடியவள் நான் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

மியூரியல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தாள்களையும் படித்தார்.

“பாவம் சூசன்,” என்றேன். “அவ பிள்ளைக்கும் வருஷா வருஷம் கேக் வெட்டி எடை சொன்னாங்களோ என்னமோ.”

அவர் முகம் சிவப்பதற்காகக் காத்திருந்தேன்.

“ஏன் ஜில், தேதியை மட்டும் பாத்தியா, பக்கத்தையும் பாத்தியா?” வெண்ணெய் ஒட்டிய விரல் தாளில் இறங்கியது. “இந்தா, நவம்பர் 1724. அடுத்து டிசம்பர் 1724. அதுக்குக் கீழ பிப்ரவரி 1724. பாதிரியார் என்ன, குடிச்சிட்டா எழுதினாரு?”

குனிந்து பார்த்தேன். அப்படித்தான் இருந்தது.

“அப்பல்லாம் மார்ச் இருபத்தஞ்சுதான் புது வருஷம். பிப்ரவரி வருஷக் கடைசி. ஏப்ரல்ல கல்யாணம், அதுக்கப்புறம் வந்த பிப்ரவரியில பிள்ளை. முழுசா ஒம்போது மாசத்துக்கும் மேல. சூசன் பத்தினிதான், போ.”

என் காதுகள் கொதித்தன. நான்கு செவ்வாய்க்கிழமைகள்.

“உங்களுக்கு எப்படி இதெல்லாம் தெரியும்?”

ரொட்டியைக் கடித்து, மென்று, விழுங்கும்வரை என்னைக் காக்க வைத்தார்.

“அப்ப இந்தப் புத்தகமெல்லாம் பாதிரியார் வீட்டு இரும்புப் பெட்டியில இருந்துச்சு. குடும்ப வரலாறு எழுதப்போறேன்னு புளுகிட்டு, கைக்குழந்தை டெரெக்கை மடியில போட்டுக்கிட்டு ரெண்டு நாள் தேடினேன். இதே பக்கம்தான். நானும் குதிச்சேன். அந்த மனுஷன்தான் சிரிச்சுக்கிட்டே மார்ச் மாசக் கதையைச் சொன்னாரு.”

“நீங்க எதுக்குத் தேடினீங்க?”

“என் மாமியார் மூஞ்சியில விட்டெறியத்தான். வேற எதுக்கு?”

வெளியே டெரெக் ஒரு பன்றியைத் திட்டிக்கொண்டிருந்தார். இத்தனை வருடங்களில் அவருடைய பிறந்த தேதியையும் அவருடைய பெற்றோரின் கல்யாணத் தேதியையும் நான் ஒருமுறைகூடச் சேர்த்துவைத்துப் பார்த்ததில்லை. எண்ணப்படுகிறவள் நான் ஒருத்திதான் என்ற நினைப்பு.

மியூரியல் கண்ணாடியைக் கழற்றினார். அது இல்லாமல் அவர் முகம் யாரோ ஒரு சின்னப் பெண்ணுடையதுபோல் இருந்தது.

“முதல் பக்கத்துலேருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் பாத்துட்டேன், ஜில். இந்தக் குடும்பத்துக்கு வந்தவ எல்லாரும் உத்தமி. ரெண்டே பேருதான் கணக்குத் தப்பினவளுக. நான் ஒருத்தி, நீ ஒருத்தி.”

தேநீர்க் கெண்டியை எடுத்து அவர் கோப்பையை நிரப்பினேன். என் கோப்பையையும் நிரப்பினேன்.

“மூணு பேர்,” என்றேன்.