அறுபது கிலோமீட்டர் வேகத்தில் காசியம்மாள்

என் பெண்டாட்டி காசியம்மாளைச் சுடுகாட்டுக்கு ஏற்றிய பூவண்டி தெருமுனையில் தானாக நின்றுவிட்டது. முன்னால் ஆடிக்கொண்டு போன மேளக்காரர்களும் நின்றார்கள்.

"புகையைச் சுத்தம் பண்ற டப்பா வேலை செய்யுதான்னு வண்டியோட கம்ப்யூட்டரு அதோட ரெண்டு பக்கமும் மோந்து பாக்கணுமாம் நைனா," என்றான் டிரைவர் டில்லி. "அறுபதுல சீரா ஓடுனாத்தான் பாக்கும். பொணவண்டி என்னிக்கு அறுபதுல போயிருக்கு? இன்னியோட கெடு முடிஞ்சிச்சாம். பைபாஸுக்குன்னு எடுத்தாத்தான் வண்டி கெளம்பும்."

"டப்பா நல்லாத்தானே இருக்கு?"

"போன மாசம் போட்ட புதுசு."

"அதை அதுகிட்ட சொல்லேண்டா."

"நாம சொன்னா நம்பாது நைனா."

நானும் எந்த மிஷினையும் நம்புகிறவன் இல்லை. ஆனால் வெயில் ஏறியது. உறவுக்காரர்களைச் சுடுகாட்டுக்கு நடந்து வரச் சொல்லிவிட்டு, அவள் பக்கத்தில் ஏறினேன்.

பைபாஸில் வண்டி பறந்தது. சாமந்தி, ரோஜா, நான் போட்ட மாலை எல்லாம் காற்றோடு போயின. முகம் மூடிய துணியை மட்டும் இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டேன்.

"பாஸாயிடுச்சு நைனா!" என்று டில்லி கத்தினான்.

உறவுக்காரர்களுக்கு முன்பே நாங்கள் சுடுகாடு சேர்ந்தோம். அங்கே வேலை பார்ப்பவர் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஒத்தப் பூ கூட இல்லியே," என்றார். "அநாதைப் பொணமா?"