ஒடுக்கு

"அண்ணே, அஞ்சு மணிக்குள்ள இந்த ஒடுக்கை எடுத்துடுவீங்களா? அவர் வர்றதுக்குள்ள வண்டி வீட்டுல நிக்கணும்."

மெக்கானிக் கார்க் கதவைத் தடவிப் பார்த்தார். "டிங்கரிங் பண்ணி, பெயின்ட் அடிச்சு... நாளைக்குச் சாயங்காலம் ஆகும்மா."

அவள் முகம் வெளுத்துப்போனது. பள்ளிக்கூட டீச்சராம். பிள்ளைகளை எப்படி மேய்க்கிறாளோ, கையிலிருந்த சாவிக்கொத்து கிலுகிலுவென்று ஆடிக்கொண்டே இருந்தது.

"அப்படின்னா... எவனோ பைக்ல வந்து இடிச்சுட்டுப் போயிட்டான்னு நீங்களும் சொல்லணும். உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன்."

'ஒரு கதவுக்கா இந்த நடுக்கம்? புருஷன் சரியான முரடனா இருப்பான்போல.' மெக்கானிக்குக் கஷ்டமாக இருந்தது.

அவளுடைய போன் அடித்தது.

"ஒர்க்‌ஷாப்புல... ஆமாங்க... சரிங்க." போனை வைத்தவள் தெருவை எட்டிப் பார்த்தாள். "இங்கேயே வர்றாராம்."

பத்தே நிமிடத்தில் கணவன் ஆட்டோவில் வந்து இறங்கினான். அவள் மெக்கானிக்கின் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டாள். மெக்கானிக் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைக்கவில்லை. அவன் கை ஓங்கினால் தடுத்துவிடுவது என்று நின்றார்.

கணவன் கதவைக் குனிந்து பார்த்தான். "யார் இடிச்சது?"

சொல்லிவைத்த பொய் அவளுக்கு வாயில் வரவில்லை. "நான்தான். ரிவர்ஸ் எடுக்கும்போது... தூண்ல."

"கொஞ்சம் பார்த்து எடுக்கக் கூடாதா?"

"எப்படிப் பார்த்து எடுக்கறது? தூணை ஒட்டி நிறுத்தினது யாரு? தள்ளி நிறுத்துங்கன்னு சொல்லணும்னு எத்தனை நாள் நினைச்சிருக்கேன் தெரியுமா? எல்லாம் உங்களாலதான்!"

தெருவே திரும்பிப் பார்த்தது.

கத்தி முடித்தவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். தோளைக் குறுக்கி, கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"நிறுத்தினது என் தப்புதான். இனிமே தள்ளி நிறுத்தறேன். உனக்கு எங்கேயும் அடிபடலையே?"

அவள் மெல்லக் கண்ணைத் திறந்தாள். இல்லையென்று தலையை ஆட்டிவிட்டு, முகம் கழுவக் குழாய்ப் பக்கம் போனாள்.

மெக்கானிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என்ன சார் இது? இடிச்சதும் அவங்க, எகிர்றதும் அவங்க! நீங்க ரொம்ப இடம் கொடுத்துட்டீங்க."

கணவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

"முதல் புருஷன்கிட்ட ஏழு வருஷம் அடி வாங்கினவ, அண்ணே. என்னைக் கட்டி ரெண்டு வருஷமாச்சு, 'சரிங்க'ன்னு சொல்றதைத் தவிர வாயைத் திறந்ததில்லை. இன்னிக்குத்தான் முதல் தடவையா பயத்தை மறந்து என்கூடச் சண்டை போட்டிருக்கா!"