கொஞ்சம் சத்தமாக

"இருக்கிறதுலயே அதிகமா சத்தம் போடற மெஷின் எது?"

வேதாச்சலம் வங்காள மொழியில் இப்படிக் கேட்டதும், கடைக்காரர் தபன் கையிலிருந்த பேட்டரி மெஷினோடு அப்படியே நின்றுவிட்டார்.

கல்கத்தா காளிகாட்டில் கடை போட்ட நாளிலிருந்து, சத்தம் கம்மியா இருக்குமா என்று கேட்டவர்களைத்தான் அவர் பார்த்திருக்கிறார். சத்தம் வேண்டும் என்று கேட்டு வந்த முதல் மனிதர் இவர்தான்.

பக்கத்தில் நின்ற மனைவி சங்கரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாலிகஞ்சில் பஸ் ஹாரனுக்கும் ரயில் கூவலுக்கும் நடுவே இருபது வருஷம் குடித்தனம் நடத்தியவள். 'ஞாயித்துக்கிழமையாவது காதுக்கு நிம்மதி வேணும்' என்று அவள் அரித்தெடுத்த பிறகுதான், பாருய்ப்பூர் தாண்டி ஒரு கொய்யாத் தோப்பும் அதில் ஒரு சின்ன வீடும் வாங்கினார்கள். மழைக்குப் புல் இடுப்பளவு வளர்ந்துவிட்டது. தோப்புக் காவல்காரன் அதை வெட்டத்தான் மெஷின் என்று தபனிடம் சொல்லியிருந்தார்கள்.

சற்று முன்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. தபன் மெஷினின் நுனியைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். கடைக்கு வரும் ஆண்கள் எல்லாரும் அவருக்கு 'தாதா', அதாவது அண்ணன்.

"இந்த நைலான் நரம்பு சுத்தற வேகத்துல புல்லு அறுந்துடும். ஒண்ணே ஒண்ணு தாதா, ஓடும்போது கிட்டக்க யாரும் வரக்கூடாது. கல்லு பறந்து வந்து அடிக்கும்."

அதைக் கேட்டதும் யோசனையில் ஆழ்ந்தவர்தான் வேதாச்சலம். யோசித்து முடித்து இப்படி ஒரு கேள்வி.

"சத்தம்னா டூ-ஸ்ட்ரோக் பெட்ரோல் மெஷின்தான்," என்றார் தபன். "ஆனா புகை அதிகம். ஃபோர்-ஸ்ட்ரோக் எடுத்துக்கங்களேன்."

"அது சத்தம் போடுமா?"

"ரொம்ப இல்ல."

"அப்ப வேண்டாம். முதல்ல சொன்னதை ஓட்டிக் காட்டுங்க."

தபன் வாசலில் வைத்து ஓட்டினார். தெருநாய் எழுந்து ஓடியது. எதிர்க்கடை செம்பருத்தி மாலைக்காரர் காதைப் பொத்திக்கொண்டு ஏதோ சொல்லித் திட்டினார். வேதாச்சலமோ விறுவிறுவென்று சந்து முனை வரை நடந்து போய், அங்கே நின்று கேட்டுவிட்டு, பரீட்சையில் பாஸான முகத்தோடு திரும்பி வந்தார்.

"அங்க வரைக்கும் நல்லாக் கேக்குது. இதையே கட்டிடுங்க."

"ஏங்க, புத்தி கித்தி பிசகிடுச்சா?" என்று சங்கரி தமிழில், சிரித்துக்கொண்டே கேட்டாள்.

கல்கத்தாக் கடைகளில் இது அவர்கள் வழக்கம். எவ்வளவு பெரிய சண்டையானாலும் தமிழில், சிரித்த முகத்தோடு. பார்க்கிற கடைக்காரர், ஆஹா, என்ன ஒரு அன்யோன்யம் என்று நினைத்துக்கொள்வார்.

"காரணமாத்தான் கேக்கறேன்," என்று அவரும் சிரித்தார்.

"அமைதிக்குன்னு தோப்பை வாங்கிட்டு, அங்க போயி ரைஸ்மில் ஓட்டப் போறீங்களா? என்ன காரணம், சொல்லுங்க!"

தபனுக்குத் தமிழ் புரியாவிட்டாலும் விஷயம் புரிந்துவிட்டதாக ஒரு நினைப்பு.

"எனக்குத் தெரியும் தாதா. காவல்காரன் மேல சந்தேகம்! இங்கேருந்து போன் போட்டா மெஷின் சத்தம் கேக்கணும். வேலை செய்யறானா, தூங்கறானான்னு தெரிஞ்சுடும். அதானே?"

வேதாச்சலம் ஒரு கணம் விழித்தார். பிறகு அவசரமாகத் தலையாட்டினார்.

"ஆமா, ஆமா. அதேதான்."

சங்கரிக்கு அவமானத்தில் முகம் சிவந்தது. காவலுக்கு ஹரிபதோவைத் தேர்ந்தெடுத்ததே அவள்தான். நல்ல மனிதன் என்று பார்த்த உடனே தெரிந்தது. போன மாதம்தான் மனைவி மாலதியோடு தோப்பு வீட்டுக்குக் குடி வந்திருக்கிறான். மாலதியைச் சங்கரி இன்னும் பார்க்கவில்லை.

"இவ்வளவு கேவலமாவா யோசிப்பீங்க?" பல்லைக் கடித்தபடி இன்னும் அகலமாகச் சிரித்தாள். "நம்பிக்கை இல்லேன்னா அவனை அனுப்பிடுங்க. வேவு பாக்க மெஷின் வாங்கினீங்கன்னா, அந்த வீட்டு வாசப்படியை நான் மிதிக்க மாட்டேன்."

வேதாச்சலம் பெருமூச்சு விட்டார். தமிழ்தான் என்றாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு ஹரிபதோ என் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கெஞ்சினான், சங்கரி. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் காவல் இருக்கணும்னு கண்டிஷன் போட்டது நீதானே? உனக்குத் தெரிஞ்சா வேலை போயிடும்னு பயம். முன்ன இருந்த இடத்துலயும் இதுக்காகத்தான் வெளிய அனுப்பினாங்களாம்."

"எதுக்காக?"

"மாலதிக்குக் கண் தெரியாது. சத்தத்தை வெச்சுத்தான் தோப்புல நடமாடறா. அவன் ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டு, காதையும் அடைச்சுக்கிட்டு, குனிஞ்சு வெட்டிக்கிட்டிருப்பான். இவ பின்னாடி டீ எடுத்துட்டு வந்தா அவனுக்கு எப்படித் தெரியும்? மெஷின் எந்தப் பக்கம் ஓடுதுன்னு அவளுக்காவது கேக்கணும்ல?"

சங்கரி அவரையே பார்த்தாள். முகத்தில் ஒட்டவைத்திருந்த சிரிப்பு காணாமல் போயிருந்தது.

தபன் பதறிவிட்டார். வங்காளத்தில் எல்லாக் கடைக்காரருக்கும் எல்லாப் பெண்களும் 'பௌதி', அண்ணிதான்.

"என்ன ஆச்சு பௌதி? சத்தம் பிடிக்கலையா? தாதாவை விடுங்க, நீங்க இந்த பேட்டரி மெஷினை எடுத்துட்டுப் போங்க. ஓடறதே தெரியாது!"

சங்கரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, வங்காள மொழியில் சொன்னாள்:

"அதை உள்ள வைங்க. இதைவிட இன்னும் சத்தம் போடறது ஏதாவது இருந்தா காட்டுங்க."