கறுப்புக் கோட்டு

"அண்ணன் கோட்டு எங்கே அண்ணி?"

பீரோவைத் திறந்த கையோடு கேட்டாள் தபீதாள். பல்லாவரத்திலிருந்து மின்சார ரயிலில் வந்து இறங்கியவள் இன்னும் ஒரு வாய் காப்பிகூடக் குடிக்கவில்லை.

ரத்தினபாய் சமையலறை அலமாரியைக் காட்டினாள். அங்கே புத்தம் புது எவர்சில்வர் தூக்கு ஒன்று பளபளத்தது.

"பழைய துணிக்குப் பாத்திரம் தர்ற அம்மா வந்தாங்க. பக்கத்து வீட்டு பாலாம்பாள் மாமிதான் போட்டு வாங்கிக் கொடுத்தாங்க."

தபீதாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எலியேசர் அண்ணன் ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர். போன கிறிஸ்துமஸுக்கு அந்தக் கறுப்புக் கோட்டோடுதான் கோயிலுக்கு வந்தார். இந்தக் கிறிஸ்துமஸுக்கு அவரும் இல்லை, கோட்டும் இல்லை.

"மாமியைக் கோவிச்சுக்காதே தபீதா. திங்கட்கிழமை வெள்ளையடிக்க ஆள் வருது. வீட்டை ஒழிக்கணும்னு தினம் பீரோவைத் திறப்பேன். கோட்டைப் பார்ப்பேன். அப்படியே உட்கார்ந்துடுவேன். மாமிதான், 'மொத்த வீட்டையும் பார்த்து மலைக்காதே, இன்னிக்கு பீரோ மட்டும், நாளைக்கு பரண்'னு கூடவே நின்னாங்க. கோட்டை நானேதான் எடுத்துக் கொடுத்தேன். 'போட்டுடுங்க மாமி, நான் பார்க்க மாட்டேன்'னு உள்ளே போயிட்டேன்."

வீடென்னவோ கண்ணாடி மாதிரிதான் இருந்தது. தபீதாளுக்கு அதைப் பார்க்கப் பார்க்க இன்னும் எரிச்சல்.

விடுவிடுவென்று பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"எங்க அண்ணன் கோட்டு ஒரு தூக்குக்குத்தான் பெறுமா மாமி? அவங்கதான் துக்கத்துல ஏதோ எடுத்துக் கொடுத்தாங்க. உங்க புத்தி எங்கே போச்சு?"

"உஸ்! உள்ளே வா."

பாலாம்பாள் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், கூடத்து மூலையிலிருந்த டிரங்குப் பெட்டியைத் திறந்தாள்.

பாச்சை உருண்டை வாசனையோடு, மடிப்புக் கலையாமல், எலியேசரின் கோட்டு.

தபீதாள் கோட்டைத் தொட்டுப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

"குடுத்தாளே தவிர, அவ கை காலரை விடவே இல்லை," என்றாள் பாலாம்பாள் மெதுவாக. "என்னிக்காவது ஒருநாள் ஐயோன்னு தேடுவா. அன்னிக்குக் குடுத்துக்கலாம். அதுவரைக்கும் போயிடுத்துன்னே நினைச்சுண்டிருக்கட்டும், மத்த வேலையாவது ஓடும். அவகிட்ட மூச்சு விட்டுடாதே."

"மன்னிச்சுக்குங்க மாமி. கண்டபடி பேசிட்டேன்."

"போறது விடு."

தபீதாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது.

"அப்போ அந்தத் தூக்கு? பாத்திரக்காரம்மா சும்மாவா கொடுத்துச்சு?"

"தூக்கைக் கண்ணால பார்த்தாத்தானே அவ நம்புவா? அதான்..."

பாலாம்பாள் முடிப்பதற்குள், உள் அறையிலிருந்து அவள் கணவர் ஸ்ரீநிவாசராகவனின் குரல் வந்தது.

"பாலா! இன்னிக்கு ஆபீஸ்ல குரூப் போட்டோ எடுக்கறா. என் கறுப்புக் கோட்டை எங்கேடி வெச்சே?"