தட்டைப் பானை

புகைப்படம் படிக்கத்தான் ஜெனோவா அந்தக் கலைக்கல்லூரியில் சேர்ந்தாள். ஆனால் முதல் வருடம் எல்லோருக்கும் ஓவிய வகுப்பு கட்டாயம். சின்ன வயதிலிருந்து வலது கண்ணோடு ஒட்டியே கிடந்த கேமரா இப்போது விடுதி அலமாரியில் பூட்டிக்கிடக்க, அவள் வாரக்கணக்கில் ஒரே மண்பானையைப் பென்சிலால் வரைந்துகொண்டிருந்தாள். எத்தனை தரம் அழித்து வரைந்தாலும் பானை உருண்டையாகத் திரளவே இல்லை; சுவரில் தட்டிய வறட்டி மாதிரி தாளோடு ஒட்டிக்கிடந்தது.

"சமைக்க வந்தவள நாத்து நடச் சொன்ன கதையால்ல இருக்கு!" என்று பக்கத்தில் வரையும் அன்பரசிடம் தினமும் பொருமினாள்.

மாணவர்களே முறைவைத்து மாடலாக உட்காருவது அங்கே வழக்கம். அன்று அவள் முறை. காலை முழுக்க முக்காலியில் மரத்துப்போய் உட்கார்ந்திருந்துவிட்டு, மணி அடித்ததும் இறங்கி ஒவ்வொரு பலகையாகப் பார்த்தாள். முதல் படத்தில் அவளுடைய இடது கண் மூடியிருந்தது. அடுத்ததிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

"எல்லாரும் பேசிவெச்சுக்கிட்டு என்னைய ஒத்தக்கண்ணி ஆக்கிட்டீங்களா?" அன்பரசின் தாளைப் பிடித்து இழுத்தாள்.

"கிழிச்சிடாத. நீ மூடிக்கிட்டுத்தான உக்காந்திருந்த?" என்றான் அவன். "பானைய வரையும்போதும் அப்படித்தான் பாக்குற. எங்களுக்குப் பழகிப்போச்சு."

"பொய் சொல்லாத. இப்ப ரெண்டு கண்ணாலயும்தான உன்னைய முறைக்கிறேன்?"

அவன் பென்சிலால் அவளுடைய இடது கண்ணைச் சுட்டினான். ஆத்திரம் தாங்காமல் ஜெனோவா கையைத் தூக்கித் தன் வலது கண்ணைப் பொத்தினாள்.

வகுப்பறை இருண்டது.