உப்பு பார்த்த படையல்

“அப்பா சாப்பிட்டுட்டாரு!” என்று கத்திக்கொண்டே ராசம்மாவின் பிள்ளைகள் இரண்டும் குன்றின் மேல் ஓடின.

கூட வந்த வெள்ளையம்மா தள்ளியே நின்றுகொண்டாள். கடலில் குளிக்கப் போகும்போது செத்துப்போன புருஷன் வீரமுத்துவின் சமாதிமுன் ராசம்மா வைத்துவிட்டுப் போன இலை, திரும்பி வரும்போது வழித்துத் துடைத்ததுபோல் கிடந்தது. மரவள்ளிக்கிழங்கும் இல்லை, மீன் குழம்பும் இல்லை. இதில் வெள்ளையம்மாவின் சின்ன மகள் புஷ்பவள்ளி வேறு, “நம்ம அப்பாவும் இங்க வந்து சாப்பிடுவாராம்மா?” என்று கேட்டுத் தொலைத்தாள். வெள்ளையம்மா அவள் வாயிலேயே ஒன்று வைத்தாள்.

மலாயாவின் கூலாய் ரப்பர் தோட்டத்தை விட்டு, மெர்சிங்குக்கு எதிரே கடலில் கிடந்த இந்தத் தீவுக்கு வெள்ளையம்மாவும் கணவன் ஜெயபாலனும் வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஜப்பான்காரன் தோட்டம் தோட்டமாக லாரியோடு வந்து, சயாமில் ரயில் பாதை போட ஆண்களைப் பிடித்துக்கொண்டு போனான். போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. தீவு வரைக்கும் வரமாட்டான் என்ற நம்பிக்கையில்தான் ஓடிவந்தார்கள். இருந்தும் படகுச் சத்தம் கேட்டால் போதும், வெள்ளையம்மாவுக்குச் சோறு இறங்காது. சோறு எங்கே இருந்தது, கிழங்கு இறங்காது.

பக்கத்துக் குடிசை ராசம்மாவும் அப்படி ஓடிவந்தவள்தான். வெள்ளைச் சேலை, வெறும் நெற்றி. வந்த இடத்தில் புருஷன் வீரமுத்து காய்ச்சலில் போய்விட்டானாம். வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு குன்றேறி, அவன் சமாதியில் இலை போடுவாள். அப்படியே அந்தப் பக்கத்துக் கடற்கரையில் இறங்கிக் குளித்து, சிப்பி பொறுக்கி, திருவிழாவுக்குப் போய் வருவதுபோல் சிரித்துக்கொண்டு வருவார்கள். காலி இலையைப் பார்த்தும் அவள் முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. அதுதான் வெள்ளையம்மாவுக்கு இன்னும் பயமாக இருந்தது.

வேறு எங்காவது போய்விடலாம் என்று ஜெயபாலனிடம் புலம்பினாள். ஜப்பான்காரனுக்குப் பேய் எவ்வளவோ மேல் என்று சொல்லிவிட்டு அவன் வலையைப் பிரிக்கப் போய்விட்டான்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை, அடுப்புக்கு நெருப்பு வாங்கப் போன வெள்ளையம்மா ராசம்மாவின் வாசலிலேயே நின்றுவிட்டாள். ராசம்மா குழம்பைக் கரண்டியால் எடுத்து, ஊதி, உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்தாள். கொஞ்சம் யோசித்தாள். ஒரு சிட்டிகை உப்பு போட்டாள். பிறகு மறுபடியும் பார்த்தாள்.

படையலுக்குச் சமைப்பதை எவளாவது ருசி பார்ப்பாளா? செத்தவர்களுக்கு வைப்பதில் எச்சில் படக் கூடாது என்பது பச்சைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். உப்பு பார்த்துப் போடுவது உயிரோடு இருக்கிறவனுக்குத்தான். நாக்கு செத்துப்போகாதவனுக்குத்தானே ருசி வேண்டும்.

வெள்ளையம்மாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வீரமுத்து சாகவில்லை. குன்றுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறான். வெள்ளைச் சேலை வேஷம், சமாதி வெறும் மண்மேடு. அடி கெட்டிக்காரி என்று மனதுக்குள் மெச்சினாள். பேய்ப்பயம் போன இடம் தெரியவில்லை. ஆனால் இதெல்லாம் வாய்விட்டுக் கேட்கிற விஷயமா? ராசம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்க தைரியம் யாருக்கும் வராதுக்கா” என்று மட்டும் சொன்னாள்.

“என்ன செய்றது, பிள்ளைங்க இருக்கு லா” என்றாள் ராசம்மா.

வெள்ளையம்மா பயந்தது அதற்கடுத்த வெள்ளிக்கிழமையே வந்தது. மலாய்க்கார மீனவர் ஒருவர் ஜப்பான் படகு வருகிறது என்று கத்திக்கொண்டே ஓடினார். அப்போதுதான் இலை போட்டுவிட்டுத் தனியாக இறங்கி வந்த ராசம்மா, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு குடிசைக்குள் புகுந்தாள். வெள்ளையம்மா புருஷனைப் பிடித்துத் தள்ளினாள்.

“குன்றுக்குப் பின்னால ஓடுங்க. ராசம்மாக்கா வீட்டுக்காரரு அங்கதான் ஒளிஞ்சிருக்காரு. அவரு பாத்துக்குவாரு.”

சிப்பாய்கள் குடிசைகளைப் புரட்டிப் போட்டார்கள். துப்பாக்கியோடு குன்றேறினார்கள். மகளின் வாயைப் பொத்திக்கொண்டு, தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டபடி வெள்ளையம்மா உட்கார்ந்திருந்தாள். வெறுங்கையோடு இறங்கி வந்தவர்கள் படகேறிப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் ஜெயபாலன் உடம்பெல்லாம் மண்ணோடு வந்து நின்றான். அவள் அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

போனதுமே ஒரு ஆள் பாறை இடுக்கிலிருந்து கையசைத்துக் கூப்பிட்டாராம். ஒருவர்தான் நுழையலாம் என்றிருந்த அந்த இடத்தில் இவனைத் தள்ளிவிட்டு, தான் வெளியே போய்விட்டாராம். எப்படித் தப்பினாரோ தெரியவில்லையாம். சிப்பாய்கள் போனபின் வந்து, இலையில் இருந்ததில் பாதியை இவனுக்குக் கொடுத்தாராம்.

“பேச்சு கம்மி. நல்ல மனுஷன்” என்றான் ஜெயபாலன். “ஆனா சாப்பாட்டுலதான் ஒரே குறை. ‘உப்பு பத்தல, இன்னிக்கு அவ ருசி பாக்காம வச்சிட்டா’ன்னாரு.”

வெள்ளையம்மாவுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. ஒளிந்து கிடக்கும்போதும் இந்த ஆம்பளைகளுக்கு உப்பு, புளி! கடல்நீரைக் காய்ச்சித் தான் எடுத்து வைத்திருந்த உப்பைச் சிரட்டை நிறைய அள்ளிக்கொண்டு ராசம்மாவிடம் ஓடினாள்.

“எனக்கு எல்லாம் தெரியும்க்கா, வெளிய மூச்சு விடமாட்டேன். உங்க வீட்டுக்காரருதான் இன்னிக்கு இவர் உசிரைக் காப்பாத்தினாரு. குழம்புல உப்பு பத்தலன்னு மட்டும் குறைப்பட்டுக்கிட்டாராம்.”

ராசம்மா சிரட்டையை வாங்கினாள். அது சரிந்து, உப்பு தரையில் சிந்தியது.

“அவரு உசிரு என் மடியிலதான் போச்சு, வெள்ளையம்மா. இந்தக் கையாலதான் மண்ணைத் தள்ளினேன்” என்றாள். “உப்பு சரியில்லன்னா தட்டைத் தள்ளிடுவாரு. அந்தப் பழக்கத்துல இன்னமும் பாத்துப் பாத்துப் போடுறேன். குரங்குதான் திங்குதுன்னு நெனச்சிட்டிருந்தேன்.”

அவள் கண் குன்றின் பக்கம் திரும்பியது.

“இன்னிக்கு மட்டுந்தான், அவசரத்துல உப்பு பாக்காம வச்சேன்.”